கிராபியில் எதைப் பார்ப்பது? திதி பார்த்து முடிவு செய்யுங்கள்

தென் தாய்லாந்தின் கிராபி மாகாணத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் சிக்கிக்கொள்கிறார்கள். நான்கு தீவா, ஹோங் தீவா, பிபி தீவா? படகுகள் கிளம்பும் கடற்கரை ஊரான ஆவ் நாங்கின் கடைத்தெருவில் இந்த மூன்றின் படங்களும் வரிசையாகத் தொங்கும். மூன்றிலும் ஒரே பச்சைக் கடல், ஒரே சுண்ணாம்புப் பாறை. படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான். அங்கே தேர்வைத் தீர்மானிப்பது கடலின் ஏற்றவற்றம். நம் வீட்டுத் தினசரி காலண்டரில் இருக்கும் திதியே அதற்குப் பாதி விடை சொல்லிவிடும்.

முதலில் பருவம். கிராபி அந்தமான் கடல் பக்கம் இருக்கிறது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை, நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெளிந்த வானம். சென்னை நவம்பர், டிசம்பரில் நனையும்போது தாய்லாந்து வளைகுடாப் பக்கத்துச் சாமுய் தீவும் நனையும். கிராபி காய ஆரம்பித்திருக்கும். மழைக்காலத்தில் அறை வாடகை குறையும். ஆனால் அலை பெரிதானால் படகுப் பயணத்தை அன்று காலையில்தான் ரத்து செய்வார்கள். அப்போது போகிறவர்கள் படகுக்கு ஒரே நாளை ஒதுக்காமல் இரண்டு நாள் இடம் விட்டுத் திட்டமிட வேண்டும்.

நான்கு தீவா, ஹோங்கா

நான்கு தீவு என்பது போடா, கோழித்தலைப் பாறை உள்ள காய் தீவு, அதையொட்டிய தூப், மோர் ஆகியவை. கூடவே ரைலே முனையிலுள்ள பிரா நாங் குகைக் கடற்கரையையும் சேர்த்துக்கொள்வார்கள். இந்தப் பயணத்தின் உயிர் ‘தலே வேக்’. பிளந்த கடல் என்று பொருள். நீர் வற்றும்போது காய், தூப், மோர் மூன்றையும் இணைத்து வெண்மணல் திட்டு எழும்பும், அதன் மேல் நடக்கலாம். வற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் மட்டுமே அந்த நடை. நேரம் தவறினால் அங்கே இருப்பது இடுப்பளவுத் தண்ணீரும் அதில் நிற்கும் கூட்டமும்தான்.

ஹோங் இதற்கு நேர்மாறு. ஹோங் என்றால் தாய் மொழியில் அறை. தீவின் நடுவே, நாலு பக்கமும் பாறைச் சுவர் எழுந்த ஒரு கடல் அறை. உள்ளே போக ஒரு குறுகிய வாசல். ஏற்றத்தில் படகு நேராக உள்ளே நுழையும். வற்றத்தில் போனால் உள்ளே முழங்காலளவு நீரும் சேறும்தான், அடி தட்டும் என்று படகுக்காரர் வெளியிலேயே நிறுத்திவிடுவார்.

இங்கேதான் திதி வருகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும், அஷ்டமியை ஒட்டிச் சிறுத்துவிடும். தாய் மீனவர்கள் முன்னதை ‘நாம் கெர்ட்’, பிறந்த நீர் என்றும், பின்னதை ‘நாம் தாய்’, செத்த நீர் என்றும் சொல்கிறார்கள். கிராபிக் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் உச்ச ஏற்றம் காலை 10, 11 மணி வாக்கில் வரும். வற்றம் மாலை 4, 5 மணிக்கு. நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பின்தள்ளிப் போகும். இதை வைத்துக் கணக்குப் போடலாம்:

பௌர்ணமி அல்லது அமாவாசை நாளில் காலைப் பயணம் என்றால் ஹோங். அறை நிறைந்திருக்கும். அன்று காலை நான்கு தீவுக்குப் போனால் தலே வேக் கடலுக்கடியில் இருக்கும்.

துவாதசி, திரயோதசி, சதுர்த்தசி என்றால் வற்றம் பிற்பகல் 2 முதல் 4 மணிக்குள் வரும். நான்கு தீவுக்குப் பிற்பகல் படகு பிடியுங்கள். அல்லது தனிப்படகு பேசி, தலே வேக்கைக் கடைசியில் வைக்கச் சொல்லுங்கள்.

பௌர்ணமி, அமாவாசை கழிந்த சதுர்த்தி, பஞ்சமியில் வற்றம் காலை 8, 9 மணி. நான்கு தீவுக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. கூட்டப் படகுகள் சேரும் முன் திட்டில் கால் வைக்கலாம்.

அஷ்டமி, நவமியில் நீர் அதிகம் ஏறாது, அதிகம் வற்றாது. திட்டு முழுதாகத் தலை காட்டாமலே போகலாம். அன்றைக்கு மலையேறப் போவது மேல்.

இது தோராயக் கணக்குதான். அன்றைய ஏற்றவற்ற அட்டவணை இணையத்தில் கிடைக்கும், கிராபிக்குரியதை எடுத்து நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் விற்பவரிடம் ‘இன்றைக்கு வற்றம் எத்தனை மணிக்கு’ என்று கேட்டால், தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார். எல்லா நாளும் நல்ல நாள்தான் என்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

மற்ற விஷயங்களில் ஹோங் ஒரு படி மேலே. தீவின் உச்சியில் 419 படி ஏறிப் பார்க்கும் காட்சிமேடை இருக்கிறது. சுற்றிலும் கடலில் சிதறிய பாறைத் தீவுகள் முழு வட்டமாகத் தெரியும். கடற்கரை மரநிழலில் ஆளுயர உடும்புகள் உலாவும். அவை யாரையும் சட்டை செய்வதில்லை, ஆனால் சாப்பாட்டுப் பையைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். தேசியப் பூங்காக் கட்டணம் ஹோங்குக்கு வெளிநாட்டுப் பெரியவருக்கு 300 பாட், சிறுவருக்கு 150. நான்கு தீவுக்கு 200, 100. விளம்பரப் பலகையில் எழுதியிருக்கும் விலையில் பெரும்பாலும் இது சேர்ந்திருக்காது. படகேறும் இடத்தில் ரொக்கமாகக் கேட்பார்கள்.

படகு: வால்படகா, விரைவுப்படகா

வால்படகு என்பது மரப்படகின் பின்னால் ஒரு வண்டி எஞ்சினை ஏற்றி, அதிலிருந்து நீண்ட தண்டில் சுழலியை நீருக்குள் விட்டிருப்பது. ஆழமில்லாத கரை வரை வரும், குறுகிய வாசலில் நுழையும். சத்தம் காதைப் பிளக்கும், கிளம்பிய கொஞ்ச நேரத்தில் முன்வரிசைக்காரர்கள் நனைந்துவிடுவார்கள். நான்கு தீவுக்கு இது போதும், விலையும் குறைவு. ஹோங்குக்கு அமைதியான கடலில் வால்படகு, அலை இருந்தால் விரைவுப்படகு. விரைவுப்படகில் பின்பக்க இருக்கையைப் பிடியுங்கள். முன்பக்கம் ஒவ்வொரு அலைக்கும் தூக்கிப் போட்டு முதுகை உடைக்கும். கர்ப்பிணிகளை விரைவுப்படகில் ஏற்ற மறுப்பது வழக்கம்.

சன்ஸ்க்ரீன் பற்றி ஒரு எச்சரிக்கை. பவளத்தைக் கெடுக்கும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் உள்ளிட்ட நான்கு வேதிப்பொருட்கள் கலந்த களிம்பை 2021 முதல் தாய்லாந்துக் கடல் பூங்காக்களில் தடை செய்திருக்கிறார்கள். அபராதம் 1,00,000 பாட் வரை. முழுக்கைச் சட்டை இருந்தால் களிம்பே வேண்டாம்.

பிபி: பேர் பெரிது, நேரம் குறைவு

பிபி தீவுகளும் கிராபி மாகாணத்தைச் சேர்ந்தவைதான். ஆவ் நாங்கிலிருந்து விரைவுப்படகில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். பூங்காக் கட்டணம் 400 பாட். இங்கே எல்லோரும் தேடிப் போவது மாயா விரிகுடா. 2000-இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்துக்குப் பிறகு கூட்டம் தாங்காமல் பவளம் செத்து, 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில் திறந்தபோது விதிகள் மாறியிருந்தன. படகு விரிகுடாவுக்குள் நுழையக் கூடாது. பின்புறம் லோ சமா பக்கம் இறங்கி நடந்து வர வேண்டும். ஒரு சுற்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. நீந்த அனுமதியில்லை. முழங்கால் வரை நிற்கலாம், அவ்வளவுதான். அதற்குப் பலனும் கிடைத்தது: கருமுனைச் சுறாக் குட்டிகள் கரையோரம் திரும்பி வந்துவிட்டன. ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் மாயாவை மூடிவிடுகிறார்கள். அந்த மாதங்களில் விற்கும் பிபி டிக்கெட்டில் மாயாவைக் கடலிலிருந்து எட்டிப் பார்ப்பது மட்டுமே உண்டு.

நீந்தத்தான் ஆசை என்றால் பக்கத்திலேயே பிலே என்ற உள்கடல் இருக்கிறது, அழகில் மாயாவுக்குக் குறைந்ததல்ல. ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்கு ஒவ்வொரு இடத்திலும் முக்கால் மணிதான் கிடைக்கும். விடுதிகள் உள்ள பெரிய தீவான பிபி டானில் ஒரு இரவு தங்கினால் கணக்கே வேறு. கையில் ஒரே ஒரு படகு நாள் இருக்கிறவருக்கு ஹோங்தான் சரி. பிபியை அவசரமாகப் பார்த்து லாபமில்லை.

ரைலேவுக்கு டூர் தேவையே இல்லை. நிலத்தோடு ஒட்டியிருந்தும் பாறைச் சுவர் மறிப்பதால் படகில் மட்டுமே போக முடியும். ஆவ் நாங் கரையில் ஆளுக்கு 100 பாட் கொடுத்தால், எட்டுப் பேர் சேர்ந்ததும் வால்படகு கிளம்பும். இருட்டிய பின் 150. இறங்கும்போது முழங்கால் வரை நனையும், சக்கரப் பெட்டியோடு போகிறவர்கள் தலையில் தூக்க வேண்டியிருக்கும். மேற்கு ரைலே மணல், கிழக்கு ரைலே சதுப்பும் சேறும். கிழக்கில் குளிக்க முடியாது.

புலிக்குகைக் கோயிலா, நாகமலையா

இரண்டும் உயரத்திலிருந்து பார்ப்பதற்குத்தான், ஆனால் உடம்பு படும் பாடு வேறு வேறு.

கிராபி நகரை ஒட்டிய வாட் தம் சுவா, அதாவது புலிக்குகைக் கோயில், முழுக்கப் படிக்கட்டு. 1,237 என்றும் 1,260 என்றும் இரண்டு கணக்கு உண்டு. எண்ணைவிட உயரம்தான் ஆளைச் சாய்க்கும். பல படிகள் சாதாரணப் படியைப் போல ஒன்றரை மடங்கு, சில இடங்களில் கைப்பிடியைப் பிடித்து இழுத்து ஏற வேண்டும். நடக்கப் பழகியவருக்கு 40 நிமிடம், மற்றவருக்கு ஒரு மணிக்கு மேல். தவறு செய்வது இரண்டு இடத்தில்: முற்பகல் 10 மணிக்குத் தொடங்குவது, கையில் பாட்டிலும் பையுமாக ஏறுவது. கீழ்ப்படிகளில் குரங்குகள் காத்திருக்கும். பாட்டிலின் நிறம் கண்ணில் பட்டால் போதும். தண்ணீரை முதுகுப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள். காலை 6 மணிக்கு ஏறினால் வெயிலும் இல்லை, மேலே பனிமூட்டத்தில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் தெரியும். கோயில் என்பதால் தோளும் முழங்காலும் மூடிய உடை. உச்சியில் செருப்பைக் கழற்ற வேண்டும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வதை.

தப் கேக் கடற்கரைக்கு மேலே இருக்கும் ஹாங் நாக் மலை காட்டுவழி. ஹாங் நாக் என்றால் நாகத்தின் வால். அந்த மலைக்கு ‘நாகக் கொண்டை’ என்றும் பெயர். ஒரு வழி 3.7 கிலோமீட்டர், உச்சி சுமார் 500 மீட்டர். போய்வர நான்கு, ஐந்து மணி நேரம். பிற்பகல் 2 மணிக்கு மேல் ஏற விடமாட்டார்கள். வழியில் கடையும் இல்லை, ஆகவே ஆளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர். பெரும்பகுதி மரநிழல் என்பதால் வெயில் கொல்லாது. ஆனால் மழை பெய்த மறுநாள் வேர்களும் செம்மண்ணும் வழுக்கும், அட்டையும் ஏறும். செருப்போடு வந்து பாதியில் திரும்புகிறவர்கள் நிறைய. பிடிப்புள்ள ஷூ கட்டாயம். உச்சியில் அந்தரத்தில் நீட்டிய ஒரு பாறையில் படம் எடுக்க வரிசை நிற்கும். அதிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்தால் அதே காட்சி, வரிசையும் இல்லை.

இதயநோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு, ஹோங்கின் 419 படியை நின்று நின்று ஏறுவது நல்லது.

மரகதக் குளம், வெந்நீர் அருவி, இரட்டைநீர் ஓடை

‘ஸ மொரகொட்’ என்பது குளோங் தோம் என்ற ஊர்ப் பக்கத்துக் காட்டுக்குள் இருக்கும் பச்சைக் குளம். மொரகொட் வேறொன்றுமில்லை, நம் மரகதம்தான். ஊற்றுநீரில் கரைந்த சுண்ணாம்பும் பாசியும் சேர்ந்து அந்த நிறம். அதே சுண்ணாம்பும் பாசியும்தான் விளிம்பைக் கண்ணாடிபோல் வழுக்க வைக்கின்றன. குளத்துக்குள் யாரும் விழுவதில்லை, ஏறும் இடத்தில்தான் விழுகிறார்கள். உட்கார்ந்தபடி இறங்கி, உட்கார்ந்தபடியே வெளியே வாருங்கள். வாசலிலிருந்து நேர்வழி சுமார் 800 மீட்டர், காட்டுக்குள் சுற்றிப் போகும் பலகைப் பாதை 1.4 கிலோமீட்டர். போகும்போது பலகைப் பாதை, திரும்பும்போது நேர்வழி என்று வைத்துக்கொண்டால் களைப்புத் தெரியாது. அழிந்தே போனதாக நினைத்திருந்த கர்னி பிட்டா என்ற சிறு பறவையை 1986-இல் மறுபடி கண்டுபிடித்தது இந்தத் தாழ்நிலக் காட்டில்தான். இப்போது அது இங்கே கண்ணில் படுவதில்லை. இன்னும் அறுநூறு மீட்டர் உள்ளே நீலக்குளம். அதில் இறங்கத் தடை.

வெந்நீர் அருவி அங்கிருந்து காரில் கொஞ்ச தூரம். சூடு 40 டிகிரியை ஒட்டியிருக்கும். பாறையில் இயற்கையாகக் குழிந்த தொட்டிகளில் உட்காரலாம், ஒரு தடவைக்கு 15 நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் எழும்போது தலை சுற்றும். மலையேறிய மறுநாள் கால்வலிக்கு இதைவிட மருந்து இல்லை.

இரண்டுக்கும் ஒரே நாள் போதும். ஆனால் வரிசை முக்கியம். சுற்றுலா வேன்கள் முற்பகலில் முதலில் ஒரு இடம், பிறகு இன்னொன்று என்று ஒரே நேரத்தில் கூட்டமாக வந்து இறங்கும். திறந்தவுடன் மரகதக் குளம், வெயில் ஏறும்முன் முடித்துவிட்டு அருவி.

தா போம் குளோங் சோங் நாம், ‘இரு நீர் ஓடை’, இவற்றுக்கு வேறு திசை, ஆவ் நாங்குக்கு வடக்கே. ஊற்றுநீர் ஓடை, அலையாத்தி வேர்கள், சுமார் 700 மீட்டர் பலகைப் பாதை. வற்றத்தில் நீர் பளிங்கு, அடியில் கிடக்கும் வேர் ஒவ்வொன்றும் தெரியும். ஏற்றத்தில் கடல்நீர் ஏறிக் கலங்கிவிடும். தலே வேக்குக்குச் சொன்ன அதே திதிக் கணக்கு இதற்கும் பொருந்தும்.

குளோங் தோம் போகிறவர்கள் தமிழர்களாக இருந்தால் இன்னொரு நிறுத்தம் உண்டு, எந்த டூர் பட்டியலிலும் இருக்காது. நெடுஞ்சாலையை ஒட்டிய வாட் குளோங் தோம் கோயிலின் அருங்காட்சியகம். மணிமேடு என்று பொருள்படும் குவன் லுக் பட் என்ற இடத்தில் கிடைத்த கண்ணாடி மணிகள், கல்மணிகளுக்கு இடையே இங்கே கிடைத்த சிறு உரைகல் ஒன்று பேர்பெற்றது. பொன்னை உரசி மாற்றுப் பார்க்கும் கல். அதில் கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்திருக்கிறது. பெரும்பத்தன் என்னும் பொற்கொல்லருடைய கல் என்று வாசிக்கிறார்கள். கடல் தாண்டி வந்து இங்கே பட்டறை போட்டவர் தன் கருவியில் பேர் எழுதி வைத்திருக்கிறார், நம் வீட்டுப் பாத்திரத்தில் பேர் வெட்டுவதுபோல. அரை மணி நேரம் போதும். காலையில் வண்டி பேசும்போதே இந்த நிறுத்தத்தையும் சொல்லி விலை பேசிவிடுங்கள். பாதி வழியில் சொன்னால் ஓட்டுநர் கூடுதலாகக் கேட்பார்.