ஃப்ரீகேடில் சில ஆண்டுகள்: ஆதிப்புள்ளியை எங்கே வைப்பது?

2021-இல் வெளியான 0.19 பதிப்பு முதல் ஜிக், ஃபிக்ஸ்சர் (வேலைப்பொருளைப் பிடித்து வைக்கும் சாதனங்கள்), பேரிங் ஹவுசிங் (பேரிங்கைத் தாங்கும் கூடு) போன்றவற்றை ஃப்ரீகேட் என்னும் முப்பரிமாண வரைவு மென்பொருளில்தான் வரைந்து வருகிறேன். இத்தனை காலத்தில் என் நேரத்தை அதிகம் விழுங்கியவை சிக்கலான வடிவங்கள் அல்ல. முதல் ஸ்கெட்சை (பாகத்துக்கு அடிப்படையான தட்டை வரைபடத்தை) எந்தத் தளத்தில், எதை மையமாக வைத்து வரைவது என்று யோசிக்காமல் தொடங்கிய எளிய பாகங்களே.

6205 என்னும் அளவு எண் கொண்ட பேரிங்குக்கான ஹவுசிங் ஒன்றை முதன்முறை வரைந்தபோது, காகிதத்தில் வரைந்த பழக்கத்தில் அடிப்பலகையின் இடது மூலையை ஆதிப்புள்ளியில் (மூன்று அச்சுகளும் சந்திக்கும் இடத்தில்) வைத்தேன். பலகையின் நீளத்தை மாற்ற நேர்ந்தபோது பேரிங் அமரும் 52 மி.மீ. துளையின் மையம், போல்ட் துளைகள் என ஒவ்வொன்றையும் தேடித் திருத்த வேண்டியதாயிற்று. இப்போது தண்டின் மையமே எனக்கு ஆதிப்புள்ளி. ஹவுசிங் அகலத்தின் நடுவில் எக்ஸ்-இசட் தளம் அமையுமாறு இருபுறமும் சமமாகப் பேட் செய்து (ஸ்கெட்சுக்குத் தடிமன் கொடுத்து), போல்ட் துளைகளைச் செங்குத்து அச்சுக்குச் சமச்சீராகக் கட்டிவிட்டால், நீளம் எவ்வளவு மாறினாலும் மையம் நகர்வதில்லை.

இன்னொரு தொல்லை, ஸ்கெட்சை நேரடியாகப் பாகத்தின் முகத்தில் (மேற்பரப்புகளில் ஒன்றில்) ஒட்டுவதால் வருவது. மேல் முகத்தில் ஒட்டியிருந்த எண்ணெய்த் துளை, அதற்கு முந்தைய படியில் ஒரு காடியை (நீள்பள்ளத்தை) சேர்த்ததும் பக்கவாட்டு முகத்துக்குத் தாவிவிட்டது. முகங்களை மென்பொருள் வரிசை எண்ணால் நினைவில் வைத்திருந்ததும், மறுகணக்கீட்டில் அந்த எண் வேறொரு முகத்துக்குப் போய்விட்டதுமே காரணம். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு இதைப் பெருமளவு சரிசெய்திருக்கிறது. ஆனாலும் ஒட்டிய முகமே திருத்தத்தில் மறைந்துபோனால் எந்தப் பதிப்பாலும் ஒன்றும் செய்ய இயலாது என்பதால், எக்ஸ்-ஒய் தளத்திலிருந்து தள்ளி ஒரு டேட்டம் தளம் (ஸ்கெட்சை ஒட்டுவதற்கான துணைத் தளம்) அமைத்து, அந்தத் தூரத்தை ஸ்ப்ரெட்ஷீட்டின் ஒரு கட்டத்தோடு இணைத்துவிடுவதே என் வழக்கம். (எக்ஸ்-இசட் தளத்துக்குச் செங்குத்தான திசை எதிர்மறை ஒய் பக்கம் நோக்கியிருக்கும், தூரத்தை 10 என்று கொடுத்துவிட்டுத் தளம் எதிர்ப்பக்கம் போனதைக் கண்டு நான் விழித்த நாட்கள் உண்டு.)

இம்முறைக்கும் குறை உண்டு. டேட்டம் தளங்கள் பெருகினால் திரை நெரிசலாகிவிடும். உருவாக்கும்போதே 'எண்ணெய்த் துளை உயரம்' என்பதுபோலப் பெயரிடாவிட்டால் ஆறு மாதம் கழித்து எது எதற்கென்று நமக்கே புரியாது. ஒருமுறை மட்டும் பயன்படும் சிறு ஜிக்குக்கு நான் இவ்வளவு மெனக்கெடுவதில்லை. முகத்திலேயே ஒட்டி முடித்துவிடுகிறேன்.

சிஎன்சி (கணினி வழி வெட்டும் எந்திரம்) இயக்குபவர் சுழியை (வெட்டுவதற்கான அளவுகளின் தொடக்கப்புள்ளியை) மேல் மூலையில் கேட்பார் என்பதற்காக மாடலின் ஆதிப்புள்ளியை அங்கே கொண்டுபோக வேண்டியதில்லை. ஃப்ரீகேடில் வெட்டும் பாதைகளைத் தயாரிக்கும் கேம் பணிமனையில் ஜாப் (வெட்டு வேலை) அமைக்கும்போது சுழியைத் தனியே நகர்த்திக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.