ஒற்றை ஆளாகப் பாய்மரம் நிமிர்த்துவது: நான்கு ஆண்டு அனுபவம்

என்னிடம் இருப்பது 1984-இல் செய்த கேட்டலினா 22 என்ற பாய்மரப் படகு. டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில் 2020 கடைசியில் பழையதாக வாங்கினேன். இருபத்தொன்றரை அடி நீளம், தூக்கி இறக்கக்கூடிய அடிக்கட்டை, ஏறத்தாழ 25 அடி அலுமினியப் பாய்மரம். ட்ரெய்லரில் ஏற்றி எங்கு வேண்டுமானாலும் கொண்டு போகலாம் என்றுதான் இந்த ரகத்தை வாங்குவார்கள். ஆனால் போன இடத்தில் அந்த 25 அடி மரத்தை யார் நிமிர்த்துவது என்ற கேள்வி வாங்கும்போது யாருக்கும் தோன்றுவதில்லை.

மரீனாவில் (படகு நிறுத்தும் துறையில்) இடம் பிடித்துப் பாய்மரத்தை நிமிர்த்தியபடியே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். ஆஸ்டின் பக்கத்து ட்ராவிஸ் ஏரியை நம்பி அதைச் செய்ய எனக்குத் துணிவில்லை. ஏரி நிறைந்திருந்தால் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 681 அடி. 2023 கோடையில் அதிலிருந்து சுமார் ஐம்பது அடி இறங்கிவிட்டது. படகு இறக்கும் சரிவுகளில் பெரும்பாலானவை பூட்டிக் கிடந்தன. அந்த ஆண்டெல்லாம் நீர்மட்டம் அதிகம் மாறாத எல்.பி.ஜே. ஏரிக்கும், ஓரிரு முறை கால்வெஸ்டன் வளைகுடாவுக்கும் படகை இழுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒருமுறை ஏற்றம், ஒருமுறை இறக்கம்.

முதல் ஆண்டு நண்பனோடு சேர்ந்து கையாலேயே தூக்கினோம். அவன் காக்பிட்டில் (படகின் பின்பகுதியில் உட்காரும் பள்ளம்) நின்று தோளில் வாங்கி முன்னோக்கி நடப்பான், நான் அணியத்தில் நின்று முன்கம்பியை, அதாவது மர உச்சியிலிருந்து அணியத்துக்கு வரும் கம்பியை, இழுப்பேன். (படகின் முன்முனைக்கு நம் கடற்கரைக்காரர்கள் சொல்லும் 'அணியம்' என்ற சொல் இருக்க, வேறு எதற்கு?) மரமும் கம்பிகளும் சேர்ந்து 60 பவுண்டுக்குப் பக்கம். இரண்டு ஆண்களுக்கு அது ஒரு பாரமே இல்லை. பதினைந்து நிமிடத்தில் முடியும். அப்புறம் அவன் வேலை மாறி டாலஸ் போய்விட்டான். ஒரு சனிக்கிழமை நான் தோள் கொடுக்க, மனைவி முன்கம்பியைப் பிடிக்க, மரம் பாதி உயரத்தில் இடப்பக்கமாகச் சாய்ந்தது. தாங்கிப் பிடித்துவிட்டேன். ஆனால் கேபின் மேல் ஒரு கீறல், மரத்தின் அடியைப் பிடிக்கும் தட்டில் போல்ட் போகும் துளை நீள்வட்டமாகிவிட்டது. "படகு ஓட்டப் போறீங்களா, திருவிழாவுக்குக் கம்பம் நடப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் பக்கக் கம்பிகள் கட்டியிருக்கும்போதே மரம் எப்படிச் சாய்ந்தது என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. கேட்டலினா 22-இல் பாய்மரம் கேபின் கூரை மேல் கதவுக்கு இருப்பதுபோன்ற ஒரு கீலில் நிற்கிறது. பக்கக் கம்பிகள் பிடிக்கும் இடமோ அதற்குக் கீழே, தளத்தின் ஓரத்தில். மரம் நேராக நிற்கும்போது கம்பி விறைப்பாக இருக்கும். மரத்தைப் பின்னால் சாய்த்தால் உச்சிக்கும் கம்பியின் அடிக்கும் உள்ள தூரம் குறைகிறது, கம்பி தொய்கிறது. அதாவது மரத்துக்குப் பிடிமானம் மிகவும் தேவைப்படும் கட்டத்தில் கம்பிகள் வெறும் அலங்காரம்தான். மரத்தின் நடுவிலிருந்து முன்னோக்கி இறங்கும் கீழ்க்கம்பிகளுக்கு இதற்கு நேர்மாறு: அவற்றைக் கழற்றாவிட்டால் மரம் படுக்கவே படுக்காது.

இது புரியாமல் 2022 வசந்தத்தில் நான் முதலில் செய்தது தூக்கும் பகுதியைத்தான். ஆறடி நீளக் கோல் ஒன்று. இங்கே அதை ஜின் போல் என்கிறார்கள். மரத்தின் அடியில் முன்பக்கமாக அதைப் பொருத்தி, நுனியில் ஜிப் பாயை (முன்பக்கப் பாய்) ஏற்றும் கயிற்றைக் கட்டி, அதே நுனியிலிருந்து அணியத்துக்கு நான்கு மடங்குக் கப்பி. கோல் இல்லாமல் உச்சியிலிருந்து நேராக அணியத்துக்கு இழுத்தால் படுத்திருக்கும் மரத்தில் கயிறு கிட்டத்தட்ட கீலையே தொட்டுக்கொண்டு போகும். எவ்வளவு இழுத்தாலும் மரம் கீலை நோக்கி அழுந்துமே தவிர எழாது. கோல் வந்ததும் கயிறு கீலிலிருந்து நாலடிக்கு மேல் விலகிவிடுகிறது. 60 பவுண்டு மரத்துக்குத் தொடக்கத்தில் கயிற்றில் 160, 170 பவுண்டு இழுவை வரும் என்று கணக்கு வந்தது. கப்பி அதை நாலில் ஒன்றாக்கும், உராய்வையும் சேர்த்தால் கைக்கு வருவது 50 பவுண்டு. நுனிக்கயிற்றைக் காக்பிட்டில் கயிறு சுற்றி இழுக்கும் உருளையான வின்ச்சுக்குக் கொண்டுபோனால் ஒரு கை போதும்.

முதல் கோல் கடையில் வாங்கிய இரண்டுக்கு நாலு அங்குல மரச்சட்டம். ஒரு ஆண்டு உழைத்தது, வெயிலில் முறுக்கிக்கொண்டது. இப்போது இரண்டு அங்குல அலுமினியக் குழாய். சட்டத்திலிருந்து குழாய்க்கு மாறியதால் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. கப்பிகளும் அப்படித்தான். பந்து தாங்கி வைத்த விலை உயர்ந்த செட் வாங்கினேன். இன்று வாங்குவதானால் சாதாரணமானதை வாங்கி மிச்சப் பணத்தைக் கீழே சொல்லப்போகும் கயிற்றில் போடுவேன்.

அது பக்கவாட்டுத் துணைக்கம்பிகளுக்கான கயிறு. மரத்தில் ஆறடி உயரத்தில் ஒரு பிடிப்பு. அதிலிருந்து இருபுறமும் ஒவ்வொரு கயிறு இறங்கி ஒரு எஃகு வளையத்தில் முடியும். அந்த வளையத்தை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு கயிறுகள் தளத்தோடு பிணைக்கும். வளையம் நிற்கும் இடம்தான் முக்கியம்: கீலின் உயரத்திலேயே, கீலுக்கு நேர் பக்கவாட்டில். மூன்றும் ஒரே அச்சில் இருந்தால் மரம் எந்தக் கோணத்தில் இருந்தாலும் கயிறு ஒரே விறைப்பில் நிற்கும். ஜின் போலின் நுனியிலிருந்தும் இருபுறம் அதே வளையங்களுக்குக் கயிறு. இல்லாவிட்டால் கோல் ஒரு பக்கம் சரிந்து விழும்.

முதலில் வீட்டில் கிடந்த நைலான் கயிற்றைப் போட்டேன். நைலான் இழுபடும். நங்கூரத்துக்கு அது நல்ல குணம், இங்கே அதுவே வினை. கால்வெஸ்டனில் பக்கக்காற்று அடித்தபோது மரம் ஒன்றரை அடி ஆடியது. இப்போது இருப்பது டைனீமா என்ற, அதிகம் இழுபடாத செயற்கை இழைக் கயிறு, ஒருமுறை அளந்து முடிச்சிட்டது. நான்கு ஆண்டில் ஒரு தடவைதான் மாற்றினேன், அதுவும் டெக்சஸ் வெயிலுக்கு மேலிழை பஞ்சாகிவிட்டதே என்ற பயத்தில்.

இரண்டாவது ஆண்டுதான் பின்பக்கத் தாங்கியைச் செய்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. சுக்கான் பொருந்தும் இடத்தில் நிற்கும் ஒரு கட்டை, அதன் தலையில் ட்ரெய்லருக்கு விற்கும் ரப்பர் உருளை. பயணத்தின்போது மரம் முன்னால் தள்ளிக் கிடக்கும். அதைச் சுமார் எட்டடி பின்னுக்கு உருட்டினால்தான் அடி கீலில் சேரும். உருளை இல்லாத காலத்தில் தனியாளுக்கு இடுப்பை முறித்தது நிமிர்த்தும் வேலை அல்ல, இந்த உருட்டல்தான். தவிர, தாங்கி உயரமாக இருப்பதால் மரம் ஏற்கெனவே கொஞ்சம் எழும்பித்தான் தொடங்கும்.

ஏறக்குறைய அறுபது முறை ஏற்றியிருப்பேன். தொல்லை கொடுத்தது ஒருபோதும் எடை அல்ல, மாட்டிக்கொள்ளும் கம்பிகள். பின்கம்பி படகின் பின்னால் தொங்கும் அவுட்போர்டு மோட்டாரின் கைப்பிடிக்குள் நுழைந்துகொள்ளும். கம்பியை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள் தன் பிடிப்பில் குறுக்காக நின்றுகொண்டு, மரம் எழ எழ வளையும். அப்படி ஒன்றை வளைத்தே விட்டேன். இப்போது ஒவ்வொரு டர்ன்பக்கிளையும் ஒரு ரப்பர் பட்டை நேராகப் பிடித்திருக்கிறது. கப்பியின் உண்மையான பயன் இங்கேதான் தெரிந்தது: மரத்தை நாற்பது டிகிரியில் அப்படியே நிறுத்தி, கயிற்றைக் கட்டிவிட்டு, இறங்கிப்போய் சிக்கலை எடுத்துவிட்டு வரலாம். தோளில் சுமந்துகொண்டு அதைச் செய்ய முடியாது.

இறக்கும்போதுதான் இன்னும் கொஞ்சம் பயம். நிமிர்ந்த மரம் முதலில் அசையாது, லேசாகப் பின்னுக்குத் தள்ள வேண்டும். பிறகு கீழே வர வர இழுவை ஏறும், கடைசி இரண்டடியில்தான் உச்சம். வின்ச்சில் மூன்று சுற்று, கையுறை, அவசரம் வேண்டாம்.

நேரம் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் முறை ஒன்றரை மணி நேரம். இப்போது ட்ரெய்லரை நிறுத்தியதிலிருந்து பாய் கட்டும்வரை நாற்பது நிமிடம். அதில் பன்னிரண்டு நிமிடம் இந்த ஏற்பாட்டைப் பொருத்தவும் கழற்றவும் மட்டுமே. துணைக்கு ஆள் இருந்தால் கையால் தூக்குவதே வேகம். சுருட்டும் ஜிப் வைத்திருப்பவர்களுக்கு பாய் சுற்றிக்கொள்ளும், முன்னால் தொங்கும் அந்த நீளக் குழாயை வளையாமல் காக்கும் வேலையும் சேரும். எனக்கு அது இல்லை.

நான் நிமிர்த்துவது எப்போதும் வண்டி நிறுத்துமிடத்தில், சமதரையில், மூக்கு காற்றைப் பார்த்தபடி. தரை ஒரு பக்கம் சரிந்திருந்தால் மரமும் அந்தப் பக்கமே எடை போடும். முதல் வேலை அண்ணாந்து பார்ப்பது. அங்கிருந்து தண்ணீர்வரை உள்ள வழியையும் நடந்து பார்ப்பேன். அலுமினியப் பாய்மரம் மின்கம்பியைத் தொட்டால் மறுபேச்சு இல்லை. ஒருமுறை எல்.பி.ஜே. பக்கம் வழிக்குக் குறுக்கே ஒரு கம்பியைப் பார்த்துவிட்டு, நிமிர்த்தாமலே வேறு சரிவுக்குப் போனேன். மனைவி அன்று கூட வந்திருந்தாள். அவள்தான் முதலில் பார்த்தாள்.

தீராத சிக்கல் ஒன்று மிச்சம்: முன்கம்பியை மாட்டும் ஊசியை (பின்) கழலாமல் பூட்டும் சின்ன வளையம். அணியத்தில் குனிந்து மாட்டும்போது இதுவரை ஐந்தைத் தவறவிட்டிருக்கிறேன். தரையில் தேடக் காந்தம் வாங்கினேன். இந்த ரகத் துருப்பிடிக்காத எஃகில் காந்தம் ஒட்டாது என்பது வாங்கிய பிறகுதான் உறைத்தது. இப்போது பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் பத்து வளையம் உபரியாக வைத்திருக்கிறேன்.