ரீயூனியனில் கயிற்றில் இறங்குவதா, ஆற்றோடு நடப்பதா?

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவில் வழிகாட்டியோடு மலையிடுக்குக்குள் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களுக்கு நடுவே தடுமாறுவார்கள். ஒன்று, சிலாவோஸ் பக்கம் இருக்கும் ஃப்ளர் ஜோன். கயிறு கட்டி, பாறைச் சுவர்களில் படிப்படியாக இறங்கும் கேன்யனிங். மற்றது, தெற்கே லான்ஷெவன் ஆறு. நடந்தும் நீந்தியும் மடுக்களில் குதித்தும் போகும் ஆற்று நடை. நாங்கள் தேர்ந்தெடுத்தது லான்ஷெவன். முதல்முறை போகிறவர்களுக்கும் அதையே சொல்வோம்.

காட்சிக்கு ஃப்ளர் ஜோன்தான், அதில் வாதமில்லை. நீளமான இறக்கம் சுமார் 50 மீட்டர். ஆனால் ஒவ்வொருவராக இறங்கும்வரை மற்றவர்கள் ஈர உடையோடு காத்திருக்க வேண்டும். சிலாவோஸ் ஊரே 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஜூலை, ஆகஸ்டில் உடம்பு நடுங்கிவிடும்.

எங்களைப் பொறுத்தவரை முடிவு செய்வது ஒரே கேள்வி: பாதியில் வெளியேற முடியுமா? கேன்யனிங்கில் கடைசி ஆள் இறங்கியதும் கயிற்றை உருவிவிடுவார்கள். அதன்பின் மேலே போக வழியில்லை, இறங்கித்தான் முடிக்க வேண்டும். லான்ஷெவனில் கிரான் கலே அருவி வரை ஆற்றை ஒட்டியே சாலை வருகிறது. ஒருவருக்குக் கால் பிசகினாலோ பயம் பிடித்தாலோ கரையேறிவிடலாம். இருபுறமும் பாறை நெருக்கும் சில இடங்களில் மட்டும் அது முடியாது. அந்த இடங்கள் எவை என்று கிளம்பும் முன்பே வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எரிமலைத் தீவில் இந்தக் கேள்விக்கு எடை கூடுதல். ஆறுகள் குட்டை, சரிவு செங்குத்து. உச்சியில் மேகத்துக்குள் கொட்டும் மழை கீழே வெயிலில் நிற்பவருக்குத் தெரியாது, நீர் மட்டும் நிமிடங்களில் ஏறிவிடும். 1966 ஜனவரியில் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. மழை பதிவானது. தெளிந்த நீர் கலங்குவது, இலை சுள்ளி மிதந்து வருவது, இரைச்சல் மாறுவது: இதில் ஒன்று தெரிந்தாலும் நிற்கும் கரையிலேயே மேடேறுங்கள். எதிர்க்கரைக்குக் கடக்கக் கூடாது. டிசம்பர் முதல் மார்ச் வரை மழையும் புயலும். மே முதல் நவம்பர் வரை நல்ல காலம்.

குதிக்கும் மடுவின் ஆழத்தை வழிகாட்டி முதலில் இறங்கிப் பார்க்க வேண்டும். ஒரு வெள்ளம் வந்து போனாலே அடியில் கற்கள் இடம் மாறியிருக்கும். குதிக்கும்போது உடம்பு நேராக, கால்கள் சேர்ந்து, முழங்கால் லேசாக மடங்கி இருக்கட்டும். பாறைச் சறுக்கில் கைகளை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள், முதலில் அடிபடுவது முழங்கைதான். நீரோட்டம் இழுத்தால் மல்லாந்து, கால்களை முன்னே நீட்டி மிதக்கவும். பாசி பிடித்த எரிமலைப் பாறையில் செருப்பு உதவாது. கால்விரல் மூடிய, பிடிப்புள்ள ஷூ வேண்டும். குளிர் தாங்கும் நீச்சல் உடையும் (வெட்சூட்) ஹெல்மெட்டும் கட்டாயம்.

தோலில் வெட்டுக்காயம் இருந்தால் இரண்டையுமே தள்ளிவையுங்கள். எலிச் சிறுநீர் கலந்த நீரிலிருந்து காயம் வழியே தொற்றும் எலிக்காய்ச்சல் இந்தத் தீவில் உண்டு. போய்வந்த மூன்று, நான்கு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கயிற்றுப் பழக்கம் ஏற்கெனவே உள்ள சிறு குழுவுக்கு ஃப்ளர் ஜோன் சரியாக இருக்கும் என்றே நினைக்கிறோம். அங்கே எங்கள் அனுபவம் கொஞ்சம்தான். நீச்சல் தெரியாதவர்களுக்கும் ஒருவேளை அதுவே தோதாக இருக்கலாம், வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிக் கேளுங்கள்.