கருமாதி 16, பதிவு 21: ஊரில் இறப்பைச் சொல்லாமல் விட்டால்

வெளிநாட்டிலிருந்து அவசர டிக்கெட்டில் வந்து காரியம் செய்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குப் பதினாறாம் நாளோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. இறப்பைப் பதிய பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கணக்கு 21 நாள். கருமாதிக்குப் பிறகு மிச்சம் ஐந்தே நாள். அதற்குள் தகவல் கொடுத்தால் கட்டணமே இல்லை, முதல் சான்றிதழும் இலவசம்.

வீட்டில் இறந்தால் சொல்ல வேண்டியவர் குடும்பத் தலைவர். ஆஸ்பத்திரியில் என்றால் ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டுக் கிராமத்தில் பதிவாளர் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்); நகராட்சி, மாநகராட்சியில் சுகாதாரப் பிரிவு. பலர் சறுக்குவது இடத்தில். உயிர் போன இடத்தில்தான் பதிவு. மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தவரைச் சொந்த ஊர் மயானத்தில் எரித்தாலும் பதிவு மதுரையில்தான். ஆம்புலன்ஸில் வழியிலேயே இறந்தால், வண்டி முதலில் நின்ற இடம். அலைச்சலுக்குப் பயந்து ‘வீட்டில்தான் இறந்தார்’ என்று எழுதிக் கொடுப்பது பொய்த் தகவல். அதற்கும் தண்டனை உண்டு.

சொல்லாமல் விட்டாலும் பொய் சொன்னாலும் தண்டனை எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பு வரும். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் 50 ரூபாய். 2023 திருத்தத்துக்குப் பிறகு 250 ரூபாய் வரை, நிறுவனங்களுக்கு 1,000. இதைப் பார்த்துத்தான் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். 30 நாள் வரை பதிவு தாமதக் கட்டணத்தோடு போகும். ஓராண்டு வரை மேலதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு. முதலில் பதிவாளரிடம் ‘பதிவு இல்லை’ என்று சான்று வாங்கி மனுவோடு வைக்க வேண்டும். மனு தாசில்தார், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), வி.ஏ.ஓ. என்று இறங்கி, விசாரணை முடிந்து அதே வழியில் மேலேறும். இரண்டு வார லீவில் இது முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதுவரை வாரிசுச் சான்று கிடையாது. அது இல்லாமல் பட்டா மாற்றமும் நகராது.

பென்ஷன் விஷயம் 250 ரூபாயோடு போகாது. இறந்த நாள் வரைதான் ஓய்வூதியம். அதன் பிறகு கணக்கில் விழுவதை ஏ.டி.எம். கார்டில் எடுத்தால் பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு மோசடி வழக்கும் வரலாம். மறைப்பதில் லாபமும் இல்லை: மறுநாளிலிருந்தே மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு, அதைக் கேட்க இறப்புச் சான்றுதான் வேண்டும். இறந்தவர் கையிலிருந்த நகையையோ பணத்தையோ கெட்ட எண்ணத்தோடு தனதாக்கிக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 315ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை.

வெளிநாட்டில் இருப்பவர்கள் மாட்டுவது பவர் பத்திரத்தில். அப்பா எழுதிக் கொடுத்த பொது அதிகாரம் சாதாரணமாக அவர் மூச்சோடு போய்விடுகிறது. ‘சாவைப் பதியாமல் வைத்து, பவரில் கிரயம் முடித்துவிடலாம்’ என்று யோசனை சொல்ல ஊருக்கு ஒருவர் இருப்பார். அந்தக் கிரயத்தைப் பிற்பாடு அக்காவோ தம்பியோ சிவில் கோர்ட்டில் இழுக்கலாம்.

தூக்கு, விஷம், பாம்புக்கடி, மின்சாரம், கிணற்றில் விழுந்தது என்றால் வி.ஏ.ஓ.வுக்கு முன் போலீஸ். பிரேதப் பரிசோதனைக்குப் பயந்து இரவோடு இரவாக எரிப்பதுதான் இருப்பதிலேயே பெரிய ஆபத்து. புதைத்திருந்தால் தோண்டிப் பார்க்கலாம். எரித்தபின் நிரபராதி என்று காட்டவும் எதுவும் மிஞ்சாது. குற்றம் நடந்தது தெரிந்தே தடயத்தை அழித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 238ஆம் பிரிவு. அந்தக் குற்றம் மரண தண்டனைக்குரியதானால் ஏழாண்டு வரை சிறை. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, சாவில் சந்தேகம் இருந்தாலோ, கோட்டாட்சியர் விசாரணையும் வரும்.

நேரத்துக்குப் பதிபவர்களும் எழுத்தில் கோட்டை விடுகிறார்கள். ஆதாரில் ‘சுப்பையா’, ரேஷன் கார்டில் ‘சுப்பய்யா’, பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயரும் சேர்ந்து ஒட்டியிருக்கும். படிவத்தில் எழுதியதுதான் சான்றிதழில் வரும். கையெழுத்துப் போடுமுன் பேங்க் பாஸ்புக்கையும் கிரயப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள், ஆங்கில எழுத்துகளையும் சேர்த்து.