கூர்பே போர்க்கப்பல் மாதிரி: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பிரெஞ்சுக் கடற்படையின் முதல் டிரெட்நாட் (ஒரே அளவுப் பெரிய பீரங்கிகள் பல கொண்ட போர்க்கப்பல்) வகுப்பான கூர்பேயை, 700இல் ஒரு பங்கு அளவில் (1/700) ரெசின் என்ற செயற்கைப் பிசினில் வார்த்த மாதிரியாக வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில், தாராளமாக வாங்கலாம். என்னிடம் சில வருடங்களாக இருக்கிறது. ரெசினில் வந்த பீரங்கிக் குழல்கள் கோடை வெப்பத்தில் லேசாக வளைந்தன, பித்தளைக் குழல்களை மாற்றிய பிறகு தொல்லை இல்லை. உடல்பகுதி கோணாமல் அப்படியே நிற்கிறது.

166 மீட்டர் கப்பல் இங்கே 24 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நடுவில் பக்கத்துக்கு ஒன்று என்று ஆறு சுழலும் பீரங்கிக் கோபுரங்களையும் பொருத்தும்போது உண்மைக் கப்பலின் வடிவமைப்புக் குறைகள் கையிலேயே தெரியும். 305 மி.மீ. பீரங்கிகள் மொத்தம் 12, ஆனால் ஒரு பக்கமாகச் சுட்டால் 10தான் பயன்படும், எதிர்ப்பக்கக் கோபுரம் சும்மா இருக்கும். 1910இல் இதன் கட்டுமானம் தொடங்கும் முன்பே பிரிட்டன் ஓரியன் வகுப்பில் எல்லாக் கோபுரங்களையும் நடுக்கோட்டில் வைத்து, 343 மி.மீ.க்கும் போய்விட்டது. கூர்பேயின் முன் கோபுரங்கள் இரண்டும் அணியத்துக்கு (கப்பலின் முன்முனைக்கு) ரொம்பக் கிட்டே இருக்கின்றன, அந்தப் பாரத்தால் எதிரலையில் முன்பக்கம் அமுங்கித் தண்ணீர் மேலே ஏறும். குழல்களை 12 பாகைதான் உயர்த்த முடியும் என்பதால் குண்டு சுமார் 13.5 கிலோமீட்டரைத் தாண்டாது. எனக்கு இதுதான் மன்னிக்க முடியாத குறை. முதல் உலகப் போருக்குப் பிறகுதான் 23 பாகை ஆக்கினார்கள்.

ஆனாலும் உழைத்த கப்பல். 1914 ஆகஸ்டில் ஏட்ரியாட்டிக் கடலில் ஆஸ்திரியக் கப்பல் சென்டாவை மூழ்கடித்த படையில் முன்நின்றது. அதே டிசம்பரில் சகோதரக் கப்பல் ழான் பார், நீர்மூழ்கி யூ-12 விட்ட டார்பிடோவை அணியத்தில் வாங்கியும் மூழ்காமல் மால்டா போய்ச் சேர்ந்தது. அப்புறம் 1940 ஜூனில் ஷெர்பூர் அருகே கூர்பே ஜெர்மன் படைகள் மீது சுட்டது. கடைசியில் 1944 ஜூன் 9 அன்று நார்மண்டிக் கரையோரம் அலைத்தடுப்பாக அதை வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். இறங்கும் படைகளுக்கு அலையைத் தடுத்துக்கொண்டு அங்கேயே நின்றதை நினைத்தால் எனக்கு இந்தக் கப்பல் மேல் மரியாதை கூடுகிறது.

மாதிரியில் ஒரே குறை, இது மூன்று புகைபோக்கிகள் கொண்ட 1914 வடிவம் மட்டும்தான். இரு போர்களுக்கு இடையில் முன் புகைபோக்கிகள் இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டார்கள், அதனால் 1944 கப்பல் வேண்டுமென்றால் நாமே செதுக்க வேண்டும். அந்த வடிவத்தை யாராவது ரெசினில் தந்தால் இன்னொன்று வாங்குவேன்.