கேள்வியை பெர்லினில் கேட்பதா, பிரஸ்ஸல்ஸில் கேட்பதா?

யூரோடிரோன் என்ற ஆளில்லா ராணுவ விமானத் திட்டத்துக்கு இதுவரை எவ்வளவு பணம் போயிருக்கிறது? பீரங்கிக் குண்டு ஒப்பந்தம் எந்தத் தேதியில் கையெழுத்தானது? ஜெர்மன் கட்சி ஒன்றுக்கு இப்படி ஒரு கேள்வி எழுந்தால், கேட்பதற்கு அதனிடம் இரண்டு ஆட்கள் உண்டு. ஒருவர் பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றமான புன்டஸ்டாக்கின் உறுப்பினர், மற்றவர் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர். யார் பெயரில் கேள்வி போகிறது என்பதிலேயே பதிலின் தரம் பாதி முடிவாகிவிடும். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் பெர்லின்தான்.

விதிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். புன்டஸ்டாக்கில் ஒவ்வொரு உறுப்பினரும் மாதத்துக்கு நான்கு எழுத்துக் கேள்விகள் கேட்கலாம். ஒரு வாரத்தில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த அமர்வு வாரத்தின் கேள்வி நேரத்தில் அதை வாய்மொழியாக எழுப்பும்படி கேட்க உரிமை உண்டு. கட்சிக் குழுவாகவோ, அவையின் 5 சதவீத உறுப்பினர்கள் சேர்ந்தோ 'கிளைனே அன்ஃப்ராகே' எனப்படும் சிறு வினா கொடுக்கலாம். கெடு 14 நாள். பெயரில்தான் சிறியது, உள்ளே இருபது முப்பது துணைக்கேள்விகள் இருக்கும். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் எந்த மூன்று மாதத்தை எடுத்தாலும் ஓர் உறுப்பினருக்கு 20 எழுத்துக் கேள்விகள். ஒவ்வொன்றும் 200 சொல்லுக்குள், மூன்று துணைக்கேள்விக்கு மிகாமல் இருக்க வேண்டும். சாதாரணக் கேள்விக்கு ஆறு வாரம். மாதம் ஒன்று மட்டும் முன்னுரிமைக் கேள்வியாகப் போகலாம், அதற்கு மூன்று வாரம்.

கெடுவை வைத்து மட்டும் பெர்லினைத் தேர்ந்தெடுத்தால் அது அரைகுறைக் காரணம். இரு இடத்திலும் கெடு தவறுவது சகஜம். சிறு வினாவுக்கு அமைச்சகம் கால நீட்டிப்புக் கேட்பதும் வழக்கம்தான். தீர்மானிக்கிற விஷயம் வேறு. கோப்பு யார் அலமாரியில் இருக்கிறது?

யூரோடிரோனையே எடுத்துக்கொள்வோம். இது ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் பாதுகாப்புக் கூட்டுத் திட்டமான பெஸ்கோவின் பட்டியலில் இருக்கிறது, ஜெர்மனி ஒருங்கிணைக்கிறது. பெயரிலேயே ஐரோப்பா இருப்பதால் பிரஸ்ஸல்ஸில் கேட்கத் தோன்றும். ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 2022 பிப்ரவரியில் கையெழுத்தான முதன்மை ஒப்பந்தம் சுமார் 710 கோடி யூரோ. 20 தொகுதிகள், தொகுதிக்கு மூன்று விமானம். ஒப்பந்தத்தை நிர்வகிப்பது பான் நகரிலுள்ள ஒக்கார் என்ற கூட்டுக் கொள்முதல் அமைப்பு. அது ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைப்பே அல்ல. ஒன்றியத்தின் கருவூலத்திலிருந்து வந்தது பாதுகாப்புத் தொழில் வளர்ச்சித் திட்டத்தின் 10 கோடி யூரோ மட்டும். ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்திடம் கேள்வி கேட்டால் அந்த 10 கோடியைப் பற்றி நேர்த்தியாகப் பதில் வரும். மீதியைப் பற்றி, அது பங்கேற்கும் நாடுகளின் விவகாரம் என்று ஒரு வரி.

அதே கேள்வி பெர்லினில் போனால் நிலைமை வேறு. ஜெர்மனியின் பங்கு ஏழு தொகுதிகள், அதாவது 21 விமானம். 2.5 கோடி யூரோவைத் தாண்டும் ஒவ்வொரு ராணுவக் கொள்முதலும் வரவுசெலவுக் குழுவின் மேசைக்கு வந்தாக வேண்டும் என்பது அங்கே நீண்டகால நடைமுறை. யூரோடிரோனும் 2021 ஏப்ரலில் அந்த வழியாகத்தான் போனது. ஆகவே அமைச்சகத்தின் கையில் ஆவணம் இருக்கிறது, அதில் தேதியும் தொகையும் இருக்கின்றன, எங்களிடம் இல்லை என்று சொல்ல வழியில்லை.

பிரஸ்ஸல்ஸ் கேட்டாலும் கொடுக்காமல் இருக்க நாடுகளுக்குச் சட்டமே துணை. ஒன்றியத்தின் செயற்பாட்டு ஒப்பந்தம் 346ஆம் பிரிவின்படி, தன் பாதுகாப்பு நலனுக்குக் கேடு என்று ஒரு நாடு கருதும் தகவலைத் தர அதை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ராணுவச் செயல்பாட்டுச் செலவை ஒன்றிய வரவுசெலவில் எழுதவும் முடியாது. ஒன்றிய ஒப்பந்தம் 41(2) தடுக்கிறது. அதனால்தான் உக்ரைனுக்கு ஆயுதம் கொடுத்த நாடுகளுக்கு ஈடு செய்யும் ஐரோப்பிய அமைதி வசதி நிதி 2021இல் வரவுசெலவுக்கு வெளியே அமைக்கப்பட்டது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் கை அங்கே எட்டாது.

ஒன்றிய நாடுகளின் அமைச்சர்கள் மன்றத்திடம் கேட்பது இன்னும் மோசம். அதன் பதில் வரைவு உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் வழியாகச் சென்று மன்றத்தின் ஒப்புதலோடுதான் வெளிவரும். இருபத்தேழு பேரும் தலையசைக்கக்கூடிய வாக்கியத்தில் உப்பும் இருக்காது, காரமும் இருக்காது. இந்த விஷயம் மன்றத்தில் விவாதிக்கப்படவில்லை என்ற ஒற்றை வரிப் பதில் பலருக்கும் பழக்கமானது.

பதில் தர மறுத்தால் என்ன வழி? பிரஸ்ஸல்ஸில் விதி தரும் அடுத்த படி, கேள்வியைச் சம்பந்தப்பட்ட குழுவின் நிகழ்ச்சி நிரலில் ஏற்றுவது. ஜெர்மனியில் மறுப்புக்கு அரசு காரணம் சொல்ல வேண்டும். அது போதவில்லை என்றால் உறுப்பினர் ஆறு மாதத்துக்குள் கூட்டாட்சி அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போகலாம். பசுமைக் கட்சி உறுப்பினர்கள் மூவர் தொடுத்த ஆயுத ஏற்றுமதி வழக்கில் 2014 அக்டோபர் 21 அன்று வந்த தீர்ப்புதான் இன்றும் அளவுகோல்: குறிப்பிட்ட போர் ஆயுத ஏற்றுமதிக்கு அனுமதி கொடுக்கப்பட்டதா இல்லையா என்பதை அரசு சொல்லியாக வேண்டும், முடிவுக்கு முந்தைய உள்விவாதத்தைச் சொல்ல வேண்டியதில்லை. கேள்வி எழுதுகிறவர் இந்தக் கோட்டை மனதில் வைத்துத்தான் எழுத வேண்டும். 'பரிசீலிக்கப்படுகிறதா?' என்று கேட்டால் கதவு மூடிக்கொள்ளும். 'இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் இடையில் அனுமதிக்கப்பட்டவை எவை?' என்று கேட்டால் திறக்கும்.

பெர்லினிலும் கேள்வி வீணாகும் இடங்கள் உண்டு, பெரும்பாலும் கேட்டவரின் தவறால். முதல் தவறு 'தயார்நிலை'. ஒரு படையிடம் 100 டாங்கிகள், அதில் 30 தொழிற்சாலையில் பழுதுபார்ப்பில், மீதி 70இல் 49 ஓடக்கூடியவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அமைச்சகம் தயார்நிலை 70 சதவீதம் என்று எழுதும். பொய்யல்ல, வகுத்தது 70ஆல். மொத்த இருப்பு, படையின் கையிலுள்ள இருப்பு, அதில் இயங்குபவை என்று மூன்று எண்ணையும் தனித்தனியே, ஒரே தேதிக்குக் கேட்டால்தான் அந்த 49 வெளியே வரும்.

இரண்டாவது தவறு, அளவுக்கு மீறிய நுணுக்கம். 2019இல் முதன்மை ஆயுதங்களின் தயார்நிலை விவரத்தை அமைச்சகம் ரகசியமாக்கியது. தனித்தனி எண்களைச் சேர்த்தால் படையின் பலவீனம் எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பது வாதம். ரகசியக் குறியிட்ட பதில் புன்டஸ்டாக்கின் ரகசியக் காப்பகத்துக்குப் போகும். உறுப்பினர் அங்கே உட்கார்ந்து படிக்கலாம், வெளியே பேச முடியாது. பேச முடியாத பதிலை வைத்துக்கொண்டு எதிர்க்கட்சிக்காரர் என்ன செய்வார்? எனவே படைப்பிரிவு வாரியாகக் கேட்காமல் ஒப்பந்தத் தேதி, தவணை, விநியோகக் கெடு, அபராதம் விதிக்கப்பட்டதா என்று கேட்பது மேல். பணமும் நாளும் இரும்பைப் போல அத்தனை எளிதில் ரகசியமாவதில்லை.

இனி பிரஸ்ஸல்ஸ் வெல்லும் இடம். ஒன்றியமே பணம் போடும் திட்டங்களுக்கு அங்கேதான் போக வேண்டும்: 2023இல் வெடிமருந்து உற்பத்திக்காக வந்த 50 கோடி யூரோ திட்டம், ஐரோப்பிய பாதுகாப்பு நிதி, படைகள் எல்லை கடக்கப் பாலமும் தண்டவாளமும் வலுப்படுத்தும் போக்குவரத்து மானியம். இருபத்தேழு நாடுகளின் கூட்டுத்தொகையும் அங்கேதான் கிடைக்கும். உக்ரைனுக்கு ஓராண்டில் பத்து லட்சம் பீரங்கிக் குண்டு என்ற ஒன்றியத்தின் 2023 மார்ச் வாக்குறுதி, 2024 மார்ச்சுக்குள் பாதியை மட்டும் சற்றே தாண்டும் என்பதைச் சொன்னவர் ஒன்றியத்தின் வெளியுறவுக்கான அன்றைய உயர் பிரதிநிதி ஜோசப் பொரெல்தான்; எந்தத் தேசிய அமைச்சரும் அந்தக் கூட்டலைப் போட்டுக் காட்டமாட்டார்.

நாடுகள் ஆயுதம் வாங்க ஒன்றியம் கடன் தரும், 2025 மே மாதம் வந்த 15,000 கோடி யூரோ 'சேஃப்' திட்டமும் இந்தப் பக்கம்தான் விழுகிறது. ஜெர்மனி அதில் கடன் கேட்கவில்லை, ஆகவே பெர்லின் அமைச்சகத்திடம் கோப்பு மெலிந்தே இருக்கும். வெளிநாட்டுப் பாகங்களின் மதிப்பு 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையை யார், எந்த ரசீதை வைத்துச் சரிபார்க்கிறார்கள் என்பது ஆணையத்திடம் கேட்க வேண்டிய அருமையான கேள்வி. ஆனால் ஐரோப்பிய நாடாளுமன்றத்தை ஒதுக்கிவிட்டு செயற்பாட்டு ஒப்பந்தத்தின் 122ஆம் பிரிவின் கீழ் நிறைவேற்றப்பட்ட திட்டம் இது. அதற்காகவே நாடாளுமன்றம் மன்றத்தின் மீது வழக்குப் போட்டிருக்கிறது. பதில்களின் தடம் இன்னும் குட்டையாக இருப்பதால் இங்கே என் தீர்ப்பைத் தற்காலிகமானதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பிரஸ்ஸல்ஸில் கேள்வியைத் தனியாக அனுப்புவது பாதி வேலைதான். கூடவே ஒன்றிய அமைப்புகளின் ஆவணங்களைப் பார்க்க உரிமை தரும் 1049/2001 ஒழுங்குமுறையின் கீழ் ஆவண விண்ணப்பமும் போக வேண்டும். ஒன்றியக் குடிமகன் எவரும் போடலாம், கெடு 15 வேலைநாள். ராணுவ விவகாரம் என்று மறுக்க அதிலும் விலக்கு இருக்கிறது. ஆனால் மறுபரிசீலனை கேட்டு அதுவும் மறுக்கப்பட்டால் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் திறந்திருக்கும். கேள்விக்கு இல்லாத பல் விண்ணப்பத்துக்கு இருக்கிறது என்பது வேடிக்கைதான்.

பெர்லினுக்குள் எழுத்துக் கேள்வியா, சிறு வினாவா? ஒரே ஓர் எண் வேண்டுமென்றால் எழுத்துக் கேள்வி. ஒரு வாரத்தில் வரும், அமைச்சகச் செயலர் ஒருவரின் கையெழுத்தோடு வரும். அந்த எண்ணில் எங்கே இடிக்கிறது என்று பார்த்து, அதைச் சுற்றிச் சிறு வினாவைக் கட்ட வேண்டும். தலைகீழாகச் செய்து, முதலிலேயே முப்பது கேள்வியைக் கொட்டினால், 1 முதல் 12 வரை சேர்த்துப் பதிலளிக்கப்படுகிறது என்று ஒரே பத்தியில் எல்லாம் கரைந்துவிடும். பதில் அவை ஆவணமாக எண்ணுடன் அச்சான பிறகு, அந்த எண்ணைக் குறிப்பிட்டு பிரஸ்ஸல்ஸ் உறுப்பினர் ஆணையத்திடம் தன் 200 சொல்லை எழுதலாம். ஒரு நாட்டு அரசு அச்சிலேயே ஒப்புக்கொண்ட தொகையைப் பற்றிக் கருத்தில்லை என்று எழுத அங்கே சற்றுக் கை கூசும்.