மாசமா இருக்கும்போது மசாஜ்: வீட்டிலா, ஸ்பாவிலா, பிசியோவிடமா?

ஐந்தாம் மாதம் தாண்டியதும் இடுப்பு வலி, கெண்டைக்கால் பிடிப்பு, தோள்பட்டை இறுக்கம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். யாரிடமாவது சொன்னால் ஆளுக்கொரு வழி காட்டுவார்கள். அம்மா நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்து வருவார், ஆபீஸ் தோழி ஸ்பா பேக்கேஜ் லிங்க் அனுப்புவார், ஊரில் பெரியம்மா "வயிறு நீவி விடுற பாட்டி இருக்காங்க, வா" என்பார். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெறும் அசதி என்றால் வீட்டு மசாஜே போதும். நடக்கவோ புரண்டு படுக்கவோ முடியாத வலி என்றால் பிசியோதெரபிஸ்ட். ஸ்பாவுக்குப் போகலாம், ஆனால் நாலு கேள்வி கேட்ட பிறகு. வயிற்றை நீவி விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

வீட்டில் செய்வதன் பெரிய பலம், வேண்டிய நேரத்தில் கிடைப்பது. ராத்திரி பதினோரு மணிக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் எந்த ஸ்பா திறந்திருக்கும்? மசாஜ் உதவும் என்பதற்கு ஆய்வு ஆதாரமும் கொஞ்சம் இருக்கிறது. மயாமி பல்கலைக்கழகத்தின் டிஃபனி ஃபீல்டு குழு 1999-ல் 26 கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஆய்வில், வாரம் இரண்டு முறை 20 நிமிடம் என்று ஐந்து வாரம் மசாஜ் செய்துகொண்டவர்களுக்குப் பதற்றமும் முதுகு வலியும் குறைந்து தூக்கம் மேம்பட்டது. 2008-ல் அதே குழு, மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளுக்கு அவர்களுடைய துணைவர்களையே மசாஜ் செய்ய வைத்துப் பார்த்தது. பெண்களின் வலி குறைந்ததோடு இருவரின் மனச்சோர்வும் குறைந்தது. சின்ன ஆய்வுகள்தான், ஆனால் வீட்டுக் கைகளே போதும் என்று நான் சொல்வதற்கு அது ஒரு காரணம்.

எப்படிப் படுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். 20 வாரத்துக்கு மேல் மல்லாந்து வெகுநேரம் படுத்தால் கர்ப்பப்பையின் எடை பெரிய ரத்தக்குழாயை அழுத்தி, தலை சுற்றும், குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையலாம். அதனால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள், முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் இன்னொன்று. படுக்கப் பிடிக்காவிட்டால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகு சாய்க்கிற பக்கம் மார்பைச் சாய்த்து உட்காரலாம். கணவர் முதுகெலும்பின் மேல் அழுத்தாமல் அதன் இரு பக்கமும் உள்ளங்கையால் தேய்க்க வேண்டும், காலைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி லேசாக நீவ வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டு மசாஜில் ஒரு ஆபத்து இருக்கிறது, எதை அமுக்கக்கூடாது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் தன்மை கூடும். ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக வலித்தால் உள்ளே ரத்தக்கட்டு இருக்கலாம், அதை அமுக்கினால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதேபோல முகமும் கையும் திடீரென்று வீங்கி, தலைவலி, கண் மங்கல் இருந்தால் அது பிபி ஏறியதன் அறிகுறியாக இருக்கலாம். 140/90-ஐத் தொட்டாலே டாக்டரிடம் சொல்ல வேண்டிய அளவு. "நீர் கோத்திருக்கு, நீவி விட்டா சரியாயிடும்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் இன்னொன்று, எல்லா வீட்டிலும் கேட்க முடிவதில்லை. புகுந்த வீட்டில் மாமியாரிடம் கால் பிடித்து விடச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? கணவர் வெளியூரில் இருப்பார், அம்மா வளைகாப்பு முடிந்த பிறகுதான் கூட்டிப்போவார். யாருக்கும் கடன்படாமல் ஒரு மணி நேரம் கண் மூடிப் படுக்க வேண்டும் என்பதற்காகவே ஸ்பாவுக்குப் போகிற பெண்கள் இருக்கிறார்கள், அதை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஸ்பாவில் பதிவு செய்யும் முன் போனில் பேசுங்கள். எத்தனையாவது மாதம், பிபி எப்படி, நஞ்சுக்கொடி கர்ப்பப்பையில் கீழே இருக்கிறதா, ரத்தப்போக்கு இருந்ததா என்று அவர்களாகவே கேட்டால் நல்ல இடம். எதுவும் கேட்காமல் "வாங்க மேடம், பண்ணிடலாம்" என்றால் வேறு இடம் பாருங்கள். வயிற்றுக்கு ஓட்டை வைத்த மேசையில் குப்புறப் படுக்க வைத்தால் வயிறு கீழே தொங்கி முதுகுக்குத்தான் கஷ்டம், ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொல்லுங்கள். பேக்கேஜில் ஸ்டீம், சானா, சூடான தொட்டிக் குளியல் சேர்ந்தே வரும், அதையெல்லாம் எடுத்துவிடச் சொல்லுங்கள். உடம்பின் உள்சூடு 39 டிகிரி செல்சியசைத் தாண்டுவது, முக்கியமாக முதல் மூன்று மாதத்தில், குழந்தைக்கு நல்லதல்ல. அந்த முதல் மூன்று மாதத்தில் பல ஸ்பாக்கள் மசாஜே செய்ய மாட்டார்கள். மசாஜால் கரு கலைகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது, ஆரம்பத்தில் கலைவதில் பாதியளவு குரோமோசோம் கோளாறால்தான். ஆனாலும் பழி தங்கள் மேல் விழுமோ என்று பயப்படுகிறார்கள், அதில் தப்பில்லை. மால்களில் இருக்கும் மசாஜ் நாற்காலியில் உட்காராதீர்கள், பெரும்பாலான தயாரிப்பாளர்களே கர்ப்பிணிகள் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதியிருப்பார்கள்.

ஆயுர்வேத நிலையம் என்றால் டாக்டர் பார்த்து, லேசான அப்யங்கம், அதாவது எண்ணெய் தேய்ப்பு, என்று சொன்னால் சரி. சூடான கிழி (மூலிகை மூட்டை ஒற்றடம்), பஞ்சகர்மாவில் வரும் வாந்தி பேதி சிகிச்சை எல்லாம் இப்போது கூடாது. அங்கே பிரசவத்துக்குப் பிறகு போனால் இன்னும் பலன்.

பிசியோதெரபிஸ்ட் அறையில் மெழுகுவர்த்தியும் மெல்லிசையும் இருக்காது, பாதி நேரம் பயிற்சிதான். ஆனால் படுக்கையில் புரளும்போது, படி ஏறும்போது, ஒரு காலில் நின்று பேன்ட் போடும்போது இடுப்பெலும்பு முன்னாலோ பின்னாலோ சுருக்கென்று வலிக்கிறதா? அது மசாஜில் ஒரு மணி நேரம் அடங்கிவிட்டுத் திரும்பி வரும். அதற்கு எப்படி எழுந்திருப்பது, எந்தத் தசையைப் பலப்படுத்துவது, இடுப்புக்கு பெல்ட் தேவையா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பு 34 சோதனைகள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்துவிட்டு, உடற்பயிற்சி கர்ப்பகால இடுப்பு வலியைக் குறைக்கலாம் என்றது, ஆதாரம் அவ்வளவு வலுவானதல்ல என்றும் சேர்த்தே சொன்னது. வலிக்காகக் காசு செலவழிப்பதாக இருந்தால் நான் ஸ்பாவைவிட இதற்குத்தான் கொடுப்பேன்.

வயிறு நீவும் பாட்டிகள் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆஸ்பத்திரி இல்லாத காலத்தில் எத்தனையோ பிரசவம் பார்த்த கைகள். ஆனால் குழந்தையைத் திருப்புகிறேன் என்று அழுத்தும்போது நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று அந்தக் கைக்குத் தெரியாது, அது பிரிந்து ரத்தப்போக்கு வந்தால் இரண்டு உயிரும் ஆபத்தில். டாக்டர்களும் குழந்தையைத் திருப்புவதுண்டு, 36, 37 வாரம் ஆன பிறகு, ஸ்கேன் பார்த்து, இதயத்துடிப்பைக் கவனித்தபடி, அவசர ஆபரேஷனுக்கு வசதி உள்ள இடத்தில். சுளுக்கு எடுப்பவரிடமும் போகாதீர்கள். இந்த மாதங்களில் மூட்டு இணைப்புகள் தளர்ந்திருக்கும், ஒரு வெட்டு இழுப்பு போதும் வலியைக் கூட்ட.

எண்ணெய் எது என்று பெரிதாக யோசிக்க வேண்டாம், தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்வது எதுவும் சரி, தேய்த்த காலோடு பாத்ரூம் போகாமல் இருந்தால் போதும். கவனிக்க வேண்டியது வலித் தைலத்தை. பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் இருக்கும், ஜெல்களில் டைக்ளோஃபெனாக். இந்த வகை வலி மருந்துகளை 20 வாரத்துக்கு மேல் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-ல் எச்சரித்தது. அது முக்கியமாக மாத்திரைகளுக்கு, பூசும்போது உடம்புக்குள் போவது குறைவுதான், ஆனாலும் தினமும் இடுப்பு முழுக்கத் தடவும் முன் டியூபை எடுத்துக்கொண்டு போய் உங்கள் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.